மூன்றாம் தளம் ஆருடையது?

எங்கட அறையில் ஒரு தொப்பி தொங்குகிறது. கடும் நீலம், முன்னுக்குச் சிவப்பு நூலால் ஆங்கில 'பி' எழுத்து. முதலாம் வருடத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய உடுப்பு விக்கிற நடைபாதைக் கடையொன்றில் எங்களில் ஒருத்தன் வாங்கினது. 'பி' எண்டா என்னடா எண்டு கேட்க, "பட்ச் எண்டு வையுங்கோ" எண்டான். கொஞ்ச நாளால் கன்டீனில் ஒரு சீனியர் அண்ணா அவனைப் பார்த்து, "தம்பி, நீர் பொஸ்டன் ரெட் சொக்ஸ் ஆளோ?" என்று கேட்டார். அவனுக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனால் தலையை ஆட்டிப்போட்டு வந்துவிட்டான். அன்றிரவு ஐந்து பேருமாக ஒரு போனைச் சுற்றிக் குந்தியிருந்து தேடினோம். தலையை ஆட்டின பாவத்துக்கு ரசிகர்களாகிப் போனோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பேஸ்போல் எங்களுக்கு முற்றிலும் அந்நியமாக இருக்கவில்லை. எல்லே விளையாடி வளர்ந்த ஆக்களுக்கு, தடியால் பந்தை அடிச்சுப்போட்டுச் சுத்தி ஓடிவாற விளையாட்டை ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. பழக நேரமெடுத்தது மற்ற விசயங்கள். ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். பத்துத் தரம் அடிக்கப்போய் மூன்று தரம் ஹிட் எடுக்கிறவர் நட்சத்திரம். ஏழு தரம் தோற்றது கணக்கில்லை. பொஸ்டனில் பின்னேரம் ஏழு மணிக்கு ஆட்டம் என்றால் எங்களுக்கு அடுத்த நாள் விடிய நாலரை. வீடியோ பார்க்க டேட்டா காணாது. அதனால் ஸ்கோர் மட்டும் காட்டுகிற செயலியில், ஒவ்வொரு பந்தும் ஒரு புள்ளியாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். புள்ளியைப் பார்த்துக் கத்துகிற எங்களைப் பக்கத்து அறைக்காரர் பைத்தியம் என்று முடிவு கட்டி நாளாகிவிட்டது.

இன்னொன்று, ட்ரேட். கிரிக்கெட்டில் அணியிலிருந்து தூக்குவார்கள், பிறகு சேர்ப்பார்கள், அதுக்கு நாங்கள் சந்திக்குச் சந்தி நின்று தெரிவுக்குழுவைத் திட்டுவோம். இங்கே அப்படியில்லை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருந்தாலோ, நீண்டகால ஆட்டக்காரராக இருந்தாலோ ஒழிய, ஒரு ஆளைக் கேட்காமலேயே இன்னொரு ஊருக்கு அனுப்பலாம். காலையில் பொஸ்டன், பின்னேரம் வேறெங்கோ. வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தாள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரெட் சொக்ஸ் ரசிகர்களுக்கு இந்த விசயத்தில் நூறு வருசக் காயம். 1918இல் கிண்ணம் வென்ற கையோடு, 1919 முடிகிற நேரம் பேப் ரூத்தை ஒரு லட்சம் டொலருக்கு நியூயோர்க் யாங்கீஸுக்கு விற்றார்கள். அதுக்குப் பிறகு 2004 வரை, 86 வருடம், ஒரு கிண்ணமும் இல்லை. சாபம் என்றார்கள். சாபத்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் 86 வருடம் என்பது தாத்தா ஏமாந்து, அப்பா ஏமாந்து, பிள்ளையும் ஏமாறுகிற கணக்கு.

பிறகு, கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, 2020 பெப்ரவரியில் மூக்கி பெட்ஸை லொஸ் ஏஞ்சலிஸ் டொஜர்ஸுக்குக் கொடுத்தார்கள். 2018இல் .346 அடித்து, லீக்கின் மிகப் பெறுமதியான ஆட்டக்காரர் விருதையும் வாங்கி, அதே வருடம் கிண்ணத்தையும் வென்று கொடுத்த மனிசன். அந்தப் பருவம் முடிய அவருடைய ஒப்பந்தம் முடியும். சும்மா போக விடாமல் ஏதாவது வாங்கிக்கொள்வோம், சம்பளக் கணக்கையும் வரி எல்லைக்குக் கீழே கொண்டுவருவோம் என்பது கழகத்தின் கணக்கு. எங்களில் பொருளியலும் புள்ளிவிபரவியலும் படிக்கிறவன் இந்த முடிவை ஒரு கிழமை முழுக்க நியாயப்படுத்திப் பார்த்தான். ஏலாமல் போய்விட்டது. டொஜர்ஸ் அந்த ஜூலையிலேயே அவரோடு 12 வருடம், 365 மில்லியன் டொலருக்குக் கையெழுத்திட்டது. 2020, 2024, 2025 என்று மூன்று தரம் கிண்ணம் வாங்கினார். பதிலுக்குப் பொஸ்டனுக்கு வந்த மூன்று பேரில் ஒருவர் பிறகு யாங்கீஸிலேயே போய் விளையாடினார். இதைவிட ஒருத்தனைக் கடுப்பேத்த ஏலாது.

ஆனால் நாங்கள் எழுத வந்தது பெட்ஸைப் பற்றியல்ல, ரஃபாயெல் டெவர்ஸைப் பற்றி. அதுக்குள்ளே எங்கட சண்டையும் இருக்கிறது.

பெட்ஸ் போன பிறகு, "இவனையாவது விடமாட்டினம்" என்று ரசிகர்கள் பிடித்துக்கொண்ட ஆள் டெவர்ஸ். 2023 ஜனவரியில் பத்து வருடம், 313.5 மில்லியன் டொலர் ஒப்பந்தம். அவருடைய இடம் மூன்றாம் தளம். பந்து பிடிப்பதில் அவர் பெரிய விண்ணன் இல்லை. எங்கட செயலியிலேயே அவருக்கு நேரே 'ஈ' என்ற பிழை எழுத்து அடிக்கடி விழும். 2025 பெப்ரவரியில் கழகம் அலெக்ஸ் பிரெக்மன் என்ற, மூன்றாம் தளத்தில் மிகத் திறமான ஒருவரை மூன்று வருடம் 120 மில்லியனுக்குக் கூட்டிவந்தது. டெவர்ஸ், மூன்றாம் தளம் என்னுடையது என்றார். பிறகு இறங்கிவந்து, களத்தில் நிற்காமல் அடிக்க மட்டும் வருகிற ஆளாக இருக்கச் சம்மதித்தார். பருவம் தொடங்கி முதல் 19 தரமும் ஒரு ஹிட் கூட இல்லை. பொஸ்டன் ரசிகர்கள் பொறுமைக்குப் பேர் போனவர்கள் இல்லை, நாங்களும்தான். "காசு வந்தவுடன கொழுப்பு" என்று எங்கட குழுவில் எழுதினோம். மே மாதத்தில் அவர் வெளுத்து வாங்கத் தொடங்க, அதே கையால் அழித்தோம்.

அந்த மே மாதத் தொடக்கத்தில் முதலாம் தளத்தில் நின்ற பெடியனுக்கு முழங்காலில் கடும் காயம். டெவர்ஸிடம் முதலாம் தளத்துக்குப் போக முடியுமா என்று கேட்டார்கள். கையுறையைக் கழட்டி வை என்று சொன்னவர்களே இப்ப வேறொரு கையுறையைத் தூக்கிக்கொண்டு வந்தால்? அவர் மாட்டேன் என்றார். கழகத்தின் உரிமையாளர் ஜோன் ஹென்றியே கன்சாஸ் சிட்டிக்குப் பறந்துபோய் அவரோடு கதைக்க வேண்டி வந்தது.

எங்கட அறை அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம்: பெட்ஸைப் பார், தங்கக் கையுறை வாங்கின வெளிக்கள ஆட்டக்காரர், அணிக்குத் தேவை என்றவுடன் ஷோர்ட்ஸ்டொப்பில் போய் நின்றார், வாயே திறக்கவில்லை. இத்தனை மில்லியன் வாங்குகிறவன் நிண்டால் என்ன? மற்றப் பக்கம்: பெட்ஸை முன்னமே இருத்தி வைத்துக் கதைத்திருப்பார்கள். இவருக்குச் சொன்ன சொல் மாறிக்கொண்டே போகிறது. ஒருத்தனை மனுசனாய்க் கேக்கிறது வேற, சாமானைப் போல இடம் மாத்தி வைக்கிறது வேற.

இரண்டாவது பக்கத்தின் ஆள், தொப்பி வாங்கினவன்தான். ஆனால் அந்த மே மாதம் அவன் அறையில் இல்லை. குழுவில் மட்டும் எப்போதாவது ஒரு வரி எழுதுவான். ஏன் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பெப்ரவரியில் பீடங்களுக்கிடையிலான எல்லே போட்டி. கலைப்பீட அணியின் பட்டியலைப் போடும் பொறுப்பு எங்கட பட்ச்சுக்கு வந்தது, அதாவது எங்கட அறைக்கு. முதல் இரண்டு வருடமும் எங்களில் மிகத் திறமாக அடித்தவன் அவன். மூன்றாம் வருடம் பயிற்சியில் ஒன்றும் சரிவரவில்லை. பிந்தி வருவான், மூன்று அடியையும் காற்றில் விடுவான். புள்ளிவிபரக்காரன் கொப்பியில் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தான்; கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அவன் பேரை மேலதிக ஆட்டக்காரருக்குள் போட்டு, அவன்ர இடத்துக்கு முதலாம் வருடத் தம்பி ஒருத்தரைப் போட்டோம். இதையெல்லாம் அவன் நித்திரையாய் இருக்கேக்க, அவன்ர கட்டிலில் இருந்து ஆறடி தள்ளி இருந்து எழுதினோம். விடிய எழும்பின பிறகு சொல்லுவம் எண்டு ஆளை ஆள் பார்த்தோம். ஒருத்தரும் சொல்லவில்லை. பட்டியல் வட்ஸ்அப் குழுவில் போனது. அவன் அதில்தான் பார்த்தான்.

அந்தக் காலத்தில் அவன் பின்னேரங்களில் நகரத்தில் ஒரு கடையில் வேலைக்கு நின்றிருக்கிறான், வீட்டுக்குக் காசு அனுப்ப. இரவு பதினொன்றுக்கு வந்து படுத்து, ஐந்தரைக்குப் பயிற்சிக்கு எழும்பினவன். லைப்ரரியில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கொப்பியில் அதுக்கொரு பத்தி இல்லை.

பகிடி என்னவென்றால், நாங்கள் அந்தப் போட்டியை வென்றோம். முதலாம் வருடத் தம்பி பிச்சு உதறினார். வென்றபடியால் ஒருத்தரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. படத்தில் அவன் இல்லை. அடுத்த கிழமை தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டினான். தொப்பியை மறந்தானோ, விட்டுவிட்டுப் போனானோ, ஆணியில் கிடந்தது.

2004இலும் இதே கதைதான். அந்த ஜூலை 31இல், ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடிய நொமார் கார்சியபாராவை ட்ரேட் பண்ணினார் தியோ எப்ஸ்டீன். அப்போது அவருக்கு வயது 30. இரண்டு தரம் லீக்கிலேயே கூடின சராசரி எடுத்த ஆள் நொமார், 2000இல்.372. காயத்துக்குப் பிறகு முன்னைப்போல் இல்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். ஒக்டோபரில் யாங்கீஸிடம் 0-3 என்று பின்தங்கி, பிறகு நாலையும் வென்று, கிண்ணத்தையும் எடுத்தார்கள். கொதித்த ஆக்கள் எப்ஸ்டீனைத் தலையில் வைத்து ஆடினார்கள். 86 வருடம் காத்திருந்தது வந்த மாதத்தில் நொமார் வேறெங்கோ இருந்தார். ஐந்து வருடம் கழித்து ஓக்லண்ட் அணியோடு அவர் ஃபென்வே மைதானத்துக்கு வந்தபோது கூட்டம் எழும்பி நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலின் வீடியோவை நாங்கள் இந்த வருடம்தான் பார்த்தோம். ஒரு தரம் பார்த்துவிட்டு மூடிவிட்டோம்.

ஜூன் 15, ஞாயிறு. எங்களுக்கு நடுச்சாமம் தாண்டியும் ஆட்டம். யாங்கீஸை 2-0 என்று வென்று, மூன்று ஆட்டத் தொடரையும் முழுசாய் எடுத்தாயிற்று. டெவர்ஸ் ஒரு ஹோம் ரன் வேறு அடித்தார். சந்தோசமாய்ப் படுத்தோம். அணி சியாட்டிலுக்குப் பறக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. விடியப்புறம் நாலரை போல போன் அடித்தது. அவன். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தரம்.

"டேய், பாத்தனீங்களோ? டெவர்ஸைக் குடுத்திட்டாங்கள்."

சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு. .272 சராசரி, 15 ஹோம் ரன், 58 ரன் உள்ளே கொண்டுவந்தவர். லவுட் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எல்லாரும் எழும்பிக் குந்தினோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகக் கதைத்தோம். வந்த பிட்சர்கள் உருப்படுவார்களா, மிச்சக் காசை ஜயன்ட்ஸ் தலையில் கட்டினது கெட்டித்தனமா, உரிமையாளர் ஆரைக் கூட்டிவந்து அடுத்து ஆரை விற்பார். புள்ளிவிபரக்காரன் வழமைபோல, "காசுக் கணக்கில பார்த்தால் இது பிழையெண்டு சொல்லேலாது" என்றான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பிழையெண்டு நானும் சொல்லேல்லை, மச்சான். முன்னமே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

ஆரும் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு எங்களில் ஒருத்தன், "ஓம். சொல்லியிருக்க வேணும். நாங்கள் பயந்திட்டம்" என்றான். எந்தக் கழகத்தைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. "சரி, வையுங்கோ, எட்டு மணிக்கு லெக்சர்" என்று போனை வைத்தான்.

டெவர்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் அடுத்த மாதமே முதலாம் தளத்தில் போய் நின்றார். எங்கட அறையின் ஒரு பக்கத்துக்கு அது கடுப்பு: "பாத்தியோ, ஏலும்தானே!" மற்றப் பக்கத்துக்கு அதுவே சாட்சி: "அங்க ஒழுங்காக் கேட்டிருக்கிறாங்கள்." இரண்டு அணியின் நாட்காட்டியும் ஒத்துப்போகாததால் 162 ஆட்டப் பருவத்தில் அவர் மட்டும் 163 ஆட்டம் விளையாடி, 35 ஹோம் ரன் அடித்தார். ரெட் சொக்ஸ் அவரில்லாமலே 89 ஆட்டம் வென்று, 2021க்குப் பிறகு முதல் தரம் இறுதிச் சுற்றுகளுக்குப் போனது. அப்ப கழகம் செய்தது சரியா? இப்போது அப்படிக் கேட்டால் எங்களுக்கு வாய் வருகுதில்லை.

ஒக்டோபர் 3 விடிய ஐந்தரைக்கு, யாங்கீஸோடு மூன்றாவது ஆட்டம். தோற்றால் வீட்டுக்கு. அவன் முதல் நாள் இரவே அறைக்கு வந்திருந்தான். பணிஸும் பிளேன்ரீயும் வைத்துக்கொண்டு ஐந்து பேரும் புள்ளிகளைப் பார்த்தோம். யாங்கீஸின் புதுப் பிட்சர் கம் ஷ்லிட்லர், 24 வயது, எட்டு இன்னிங்ஸில் 12 பேரை வெளியேற்றி ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. 4-0. முடிந்தது.

"இந்தப் பெடியன் பொஸ்டன் பக்கத்தில வளந்தவன் தெரியுமோ," என்றான் அவன், போனை நோண்டிக்கொண்டு. "படிச்ச கம்பஸில இருந்து ஃபென்வேக்கு நடந்து போகலாம். 2022இல ஏழாவது சுற்றிலதான் யாங்கீஸ் எடுத்திருக்கு. அதுமட்டும் இவங்கள் எங்க பாத்துக்கொண்டிருந்தவங்கள்?"

"ஏழாம் சுற்றில வாறவனெல்லாம் இப்பிடி வருவானெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றான் புள்ளிவிபரக்காரன்.

"பக்கத்தில இருக்கிறவனையே பாக்கத் தெரியாட்டி..."

எட்டு மணி லெக்சருக்கு ஐந்து பேரும் பிந்தித்தான் போனோம்.