வால் நறுக்கிய ஈஸ்ட்

ஈஸ்ட் என்றால் நமக்கு பேக்கரி சாமான். பன் உப்புவதும் பீர் பொங்குவதும் அதனால்தான். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது செல்லப்பிள்ளை. ஒரே ஒரு செல், அதற்குள் சுமார் 6,000 ஜீன்கள். சீக்கிரம் வளரும், செலவு கம்மி, அறுத்தால் யாரும் கொடி பிடிக்க மாட்டார்கள்.

இந்த 6,000-மும் எந்நேரமும் வேலை செய்வதில்லை. குளுகோஸ் கிடைக்கும்வரை, காலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரையைச் செரிக்கும் ஜீன்கள் தூங்கும். காலக்டோஸ் மட்டும்தான் என்று ஆகும்போது 'கேல்-4' என்ற புரதம் டி.என்.ஏ.வில் உட்கார்ந்துகொண்டு அவற்றை எழுப்புகிறது. ஆனால், ஜீனைப் படித்து நகல் எடுக்கிற இயந்திரம் வேறு. பாலிமரேஸ்-2 என்று பெயர், 12 புரதங்கள் சேர்ந்தது. கேல்-4 சொல்வது அதற்கு எப்படிக் காதில் விழுகிறது?

ஸ்டான்ஃபோர்டில் ரோஜர் கோர்ன்பெர்க் இதற்காக ஈஸ்ட்டை உடைத்துச் சாறெடுத்தார். தேவையான புரதங்களைச் சுத்தமாகப் பிரித்து மறுபடி சேர்த்தால் நகல் எடுக்கும் வேலை நடந்தது. 'கூட எடு' என்ற உத்தரவை மட்டும் அது சட்டை செய்யவில்லை. சாற்றிலிருந்த வேறு ஏதோ ஒன்றைச் சேர்த்தால்தான் பணிந்தது. அந்த ஏதோ ஒன்றை 1994-ல் தனியே பிரித்துவிட்டார்கள். இன்றைய கணக்கில் 25 புரதங்கள் கொண்ட கூட்டம். பெயர் மீடியேட்டர். தமிழில் 'தரகர்' என்றால் கோர்ன்பெர்க் கோபித்துக்கொள்ளலாம். தாலுகா ஆபீஸ் போய் வந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சுலபமாகப் புரியும். மனு கொடுப்பவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், நடுவில் இரண்டு பேரையும் தெரிந்த ஒருவர்.

பாலிமரேஸ் எப்படி இருக்கும் என்று அணு அணுவாகப் படம் பிடித்து 2001-ல் வெளியிட்டார் கோர்ன்பெர்க். 2006-ல் நோபல். அவருடைய அப்பா ஆர்தர் 1959-லேயே வாங்கியவர்.

அமெரிக்காவில் இன்னொரு பக்கம் ரிச்சர்ட் யங் என்பவரின் குழு வேறு வழியில் போனது. பாலிமரேஸுக்கு ஒரு நீண்ட வால் உண்டு. ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே வரிசை ஈஸ்ட்டில் 26 தடவை திரும்பத் திரும்ப வரும். அதில் பாதிக்கு மேல் நறுக்கினால் ஈஸ்ட் குளிரில் வளராமல் முடங்கியது. அப்படி முடங்கியவற்றில் சில எப்படியோ மறுபடி தலைதூக்கின. இவற்றில் எந்த ஜீன் மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் எட்டாவது, மீடியேட்டரின் ஓர் உறுப்பு. இப்போது அதன் பெயர் மெட்-12.

'குளிரில் ஈஸ்ட் வளர்ந்தால் என்ன, வளராவிட்டால் என்ன?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

என் அக்காவுக்கு 41 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஃபைப்ராய்ட், அதாவது நார்க்கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் மாதாமாதம் ரத்தம் போய்ப் போய் ஆளே வெளுத்துவிட்டாள். "ஏன் டாக்டர் வந்துச்சு?" என்று கேட்டதற்கு, "சிலருக்கு வரும்மா" என்று பதில் வந்தது. உறவுக்காரர்களிடம் இதைவிட விளக்கமான பதில்கள் இருந்தன. உடம்புச் சூடு, லேட் கல்யாணம், வேலைக்குப் போகிறேன் என்று வேளைக்குச் சாப்பிடாதது. பெரியத்தை ஒருத்தி, "கோழிக்கறியைக் குறைன்னு அப்பவே சொன்னேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னாள்.

2011-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்துக்காரர்கள் 80 பெண்களிடமிருந்து எடுத்த 225 நார்க்கட்டிகளைச் சோதித்தார்கள். 159-ல், அதாவது பத்துக்கு ஏழில், ஒரே ஜீனில் பிழை. மெட்-12. ஈஸ்ட்டும் நாமும் பிரிந்து நூறு கோடி வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த உறுப்பு நமக்குள்ளும் இருக்கிறது. பெரும்பாலும் பிழை ஓர் எழுத்துதான். அதுவும் பிறவியில் வந்ததில்லை, கட்டியின் செல்களில் மட்டும் இருப்பது.

அந்தப் பிழை என்ன செய்கிறது? 2021-ல் ஈஸ்ட்டின் மெட்-12-ஐயும் அதன் மூன்று கூட்டாளிகளையும் உறையவைத்து, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம் வெளியானது. மெட்-12 தன் ஒரு முனையை நீட்டி, பக்கத்திலிருக்கும் சி.டி.கே-8 என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. நார்க்கட்டிப் பிழைகள் விழுவது அந்த முனையில்தான். தட்டும் கை சரியாகப் போய்ச் சேருவதில்லை.

அக்காவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாத்திரை வந்துடுச்சா?"

இல்லை என்றேன். இப்போது தரும் மாத்திரைகள் பெரும்பாலும் ஹார்மோனை அடக்குபவை, இந்தப் பிழையைச் சரி செய்பவை அல்ல. அவளுடைய கட்டியை யாரும் சோதிக்கவும் இல்லை. பத்தில் அந்த ஏழா, மிச்ச மூன்றா என்று இனிமேல் தெரியப்போவதில்லை. அதையும் சொன்னேன்.

"பரவாயில்லை" என்றாள். "ஓர் எழுத்துன்னா சொன்னே?"

"ஆமா."

"அத்தை போய்ச் சேர்ந்துட்டாங்களே. இருந்திருந்தா இதைக் காட்டி, கோழிக்கு இதுல சம்பந்தமே இல்லைன்னு சொல்லியிருப்பேன்."