படகுப் பங்கு

எங்கள் ஊரில் படகு வைத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் இல்லை என்பார்கள். படகுக்காக நகையை அடகு வைத்த பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். வீட்டுக்கு ஒருத்தியாவது இருப்பாள். இந்த இரண்டு பதில்களையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு முப்பது வயதுக்கு மேல் ஆயிற்று.

மன்னார் வளைகுடாக் கரையில், கீழக்கரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பாவிடம் இரண்டு படகுகள் இருந்தன. ஒன்று, 1991இல் கட்டிய மர வல்லம். 27 அடி நீளம், அயினிப் பலகை, கருவேல மரத்தில் வங்கு. இன்னொன்று ஃபைபர் படகு. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் முழுக்க உதவிப் பொருளாக வந்து இறங்கிய ஃபைபர் படகுகளில் அதுவும் ஒன்று. இரண்டு கை மாறி 2009இல் எங்களிடம் வந்தது.

2018இல் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மாலையே படகுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. வல்லம் இரண்டு வருடமாகக் கரையில் கிடந்தது. அதை ஒரு ரிசார்ட்காரர் கேட்கிறார், வாசலில் நிறுத்திப் பூச்செடி வைப்பாராம், நல்ல விலை தருவார் என்றான் அண்ணன். ஃபைபரைத் தானே ஓட்டிக்கொள்வதாகச் சொன்னான். சித்தப்பா சரி என்று தலையாட்டினார். அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கும் கடன் இருந்தது. அவன் வேறு மாதிரி யோசிக்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததும் இல்லை.

சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் வாய் திறந்தாள். "அது என் சங்கிலி போன வல்லம்."

அன்று இரவு அம்மாவிடம் கணக்குக் கேட்டேன். நான் தூத்துக்குடியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள், கணக்கு கேட்பது பழக்கம். வல்லம் கட்டும்போது அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி விற்கப்பட்டது. இன்ஜின் வாங்கும்போது வளையல்கள் அடகுக்குப் போயின. ஃபைபர் வாங்கும்போது மகளிர் குழுவில் அம்மா பெயரில் கடன். அதை மூன்று வருடம் கருவாடு விற்று அடைத்தவளும் அவள்தான். இரண்டு படகுகளின் பதிவுப் புத்தகத்திலும் அப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. நகைக்கும் சேர்த்து அடகுச் சீட்டில் இருந்ததுகூட அப்பாவின் கையெழுத்துதான்.

இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்று 2005இல் தமிழக அரசு சொன்னது. நல்ல முடிவு. ஆனால் இழந்த படகுக்கும் வலைக்கும் நிவாரணம் வந்தபோது, பதிவில் யார் பெயர் இருந்ததோ அவருக்கே போனது. பதிவில் இருந்தது ஆண்களின் பெயர். மீன் விற்ற பெண்கள் இழந்த கூடைக்கும் தராசுக்கும் பதிவுப் புத்தகம் கிடையாது.

சட்டத்தைப் பார்த்தால் விஷயம் எளிது. உயில் எழுதாமல் இறந்த ஒருவர் தானே சம்பாதித்த சொத்தில், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. வீடு, நிலத்தைப் போலவே படகும் சொத்துதான். எங்கள் வீட்டில் மூன்று பங்கு. இதைச் சொன்னபோது சித்தப்பா சிரித்தார். "கடலுக்குப் போகாதவளுக்குப் படகு எதுக்குத் தாயி?"

அந்தக் கேள்வியை நான் நிறைய நாள் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் எங்கள் பக்கத்துத் துறைமுகங்களில் விசைப்படகு வைத்திருக்கும் முதலாளிகள் பலர் கடலுக்குப் போவதில்லை. டீசல், ஐஸ் செலவு கழித்த பிறகு மிச்சத்தில் படகுக்கு என்று ஒரு பங்கு உண்டு. வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அது படகுக்காரர் கைக்கு வந்து சேரும். கடலுக்குப் போகாத ஆணுக்கு அந்தப் பங்கு போகலாம், பெண்ணுக்கு மட்டும் போகக் கூடாது.

பெண் காலடி பட்டால் படகுக்கு ஆகாது என்பது அடுத்த காரணம். மாதவிலக்கு நாளில் வலையைத் தாண்டினால் மீன் படாது என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். இதே கடலில் பாசி எடுக்கும் பெண்கள் தலைமுறைகளாகப் படகேறித் தீவுகளுக்குப் போகிறார்கள். துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குகிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி விருது பெற்றார். அவர்களை ஏற்றிப் போகும் படகுக்குத் தீட்டு வருவதில்லை, வாடகை வருகிறது.

ஒரு வாரம் பேசி, அண்ணனிடம் ஒரு பேரம் முடித்தோம். ஃபைபரின் பின்பக்கம், இன்ஜின் மாட்டும் இடம் ஆடிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் செலவு செய்து சரிபார்த்துத் தருகிறோம், ஃபைபரை அவன் எடுத்துக்கொள்ளட்டும். வல்லத்தை எங்களுக்கு விடட்டும். செல்லாத படகுக்கு ஓடும் படகு கிடைப்பதால் அவன் ஒப்புக்கொண்டான். ஐந்து மாதம் சனி, ஞாயிறு முழுக்க நான் கரையில் இருந்தேன்.

ஃபைபரில் இருந்து தொடங்கினோம். கண்ணாடி நாரையும் ரெசினையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த படகு அது. உளுக்காது, துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். பின்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்டது. அறுத்துப் பார்த்தோம். இன்ஜின் கனத்தைத் தாங்குவதற்காக உள்ளே வைத்திருந்த பிளைவுட், போல்ட் ஓட்டை வழியாக நீர் இறங்கி, ஊறிய ரொட்டிபோல உதிர்ந்தது. வெளித் தோல் மட்டும் புதுசுபோல இருந்தது.

ஃபைபர் பட்டறையில் வேலை பார்த்த ஒரு தம்பி எனக்கு வேலையைச் சொல்லித் தந்தான். விரிசல் மேல் அப்படியே ஒட்டுப் போட்டால் நிற்காது. ஆறு மில்லிமீட்டர் கனம் என்றால் சுற்றிலும் ஏழு சென்டிமீட்டருக்குச் சாய்வாகத் தேய்த்து எடுக்க வேண்டும். அந்தச் சாய்வில்தான் புது மேட்டு பிடிக்கும். ஒரு கிலோ ரெசினுக்குப் பத்திலிருந்து இருபது மில்லி வரை கேட்டலிஸ்ட். வெயில் ஏறினால் டப்பாவிலேயே இறுகிவிடும் என்பதால் விடிகாலையில் கலக்க வேண்டும். கேட்டலிஸ்டையும் ஆக்சலரேட்டரையும் ஒருபோதும் நேராகச் சேர்க்கக் கூடாது, வெடிக்கும். கிரைண்டர் பிடிக்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். அப்படிப் போட்டும் கண்ணாடித் தூசி கழுத்தில் ஏறி இரண்டு நாள் தூங்கவிடவில்லை. இந்த வேலையைச் செய்யும் பையன்கள் முகமூடி இல்லாமல் செய்வதையும் பார்த்தேன்.

மர வல்லத்துக்கு வேறு பொறுமை வேண்டும். பக்கத்து ஊரிலிருந்து வந்த ஓடாவித் தாத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல். முதல் நாள் என்னிடம் பேசவில்லை, "ஆம்பள யாரும் வரலையா தாயி?" என்று மட்டும் கேட்டார். ஒட்டியிருந்த கொட்டலசைச் சுரண்டி முடித்ததும், உளியின் நுனியால் ஒவ்வொரு பலகையாகக் குத்திக்கொண்டே போனார். மரத்தைத் தின்னும் கப்பல் புழு, பெயரில்தான் புழு. உண்மையில் அது சிப்பி இனம். குண்டூசித் தலையளவு ஓட்டையில் குஞ்சாக நுழைந்து உள்ளுக்குள்ளேயே வளரும். வெளியே பலகை நன்றாகத் தெரியும், குத்தினால் தேனடை. அப்படி ஏழு பலகைகள் போயிருந்தன. ஏராவும் வங்குகளில் பெரும்பாலானவையும் உறுதியாக இருந்தன. "எலும்பு நல்லாருக்கு, கட்டிரலாம்" என்றார் தாத்தா.

புதுப் பலகையை நனைத்து, நெருப்பின் மேல் காட்டி, வளைவுக்கு ஏற்றபடி மெல்ல மெல்ல இழுத்துக் கட்டுவார். ஆணி துருப்பிடித்த இடங்களில் பலகை கருத்துப் போயிருக்கும். அந்த ஆணிகளைப் பிடுங்கித் துளையை அடைத்துப் பக்கத்தில் வேறு ஆணி அடிப்பார். அதற்குப் பிறகு கலப்பற்று. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்து இறக்க வேண்டும். அதன் மேல் குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிப் பூச வேண்டும்.

குங்கிலியம் காய்ச்சும் பதம் எனக்கும் தெரியவில்லை, தாத்தாவுடன் வந்த பையனுக்கும் தெரியவில்லை. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊத்து, இது காஞ்சா வெடிச்சிரும்" என்றாள். வருடா வருடம் வல்லத்தைக் கரையேற்றும்போது குங்கிலியம் காய்ச்சியவள் அம்மா. பஞ்சைத் திரித்துக் கொடுத்தவளும் அவள், ஓடாவிக்கும் ஆட்களுக்கும் சோறு ஆக்கியவளும் அவள். இருபத்தேழு வருடமாக இதற்குப் படகு வேலை என்று பெயர் இல்லை. அம்மாவே அப்படிச் சொன்னதில்லை. "அடுப்பு வேலதானே" என்பாள்.

கடலில் இறக்கிய அன்று வல்லம் கசிந்தது. கரையில் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். தாத்தா அசையவில்லை. காய்ந்த பலகை நீரில் ஊறி உப்பினால்தான் இடுக்கு மூடும். இரவு முழுக்க நானும் இரண்டு ஆட்களும் முறை வைத்து இறைத்தோம். மறுநாள் மதியத்துக்குள் கசிவு நின்றது.

மரத்தைவிடக் கடினமாக இருந்தது காகிதம்தான். வாரிசுச் சான்றிதழ், அண்ணனின் ஆட்சேபணையின்மைக் கடிதம், பழைய பதிவுப் புத்தகம் எல்லாம் கொண்டுபோனோம். கவுன்ட்டரில் இருந்தவர், "பையன் பேர்ல போட்டா சுலபமா முடிஞ்சிரும்மா, எதுக்கு அலையறீங்க?" என்று அக்கறையாகவே சொன்னார். அந்த அக்கறைக்குப் பின்னால் நாங்கள் நான்கு முறை அலைந்தோம். நான்காவது முறை அம்மாவின் பெயர் ஏறியது. நான் போட்ட பணத்துக்கும், வல்லத்தில் எனக்குள்ள பங்குக்கும் தனியாக முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் காகிதம் எதற்கு என்று கேட்டார்கள். காகிதம் இல்லாததால்தான் சங்கிலி யாருடையது என்பது முப்பது வருடம் மறந்து போயிருந்தது.

இப்போது வல்லத்தை அத்தை மகன் ஓட்டுகிறான். அவனோடு மூன்று பேர் போகிறார்கள். சனிக்கிழமை கணக்கு முடிக்கும்போது படகுப் பங்கு அம்மாவின் கைக்கு வருகிறது. மீன் பட்டால் வரும், படாவிட்டால் டீசல் கடன்தான் வரும். இதில் பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. மர வல்லம் வருடா வருடம் செலவு கேட்கும் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறோம். நல்ல அயினிப் பலகை கிடைப்பது அரிதாகிவிட்டது. தாத்தாவுக்குப் பிறகு கலப்பற்று அடிக்க ஆள் இருப்பாரா என்பதும் கவலைதான். மாறிய விஷயம் ஒன்று. அடுத்த பழுதுக்கு எவ்வளவு செலவழிப்பது, எந்தக் கடையில் கடன் வாங்குவது என்று முடிவு செய்யும்போது எல்லோரும் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்குக் கடலோடு தொடர்பு இருக்காது. உங்கள் வீட்டில் ஆட்டோ இருக்கலாம், தறி இருக்கலாம், டிராக்டர், கடை, மாடு இருக்கலாம். அதை வாங்க யாருடைய நகை போனது என்று அம்மாவிடம் கேளுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள். பழுது பார்க்கும்போது கூடவே நில்லுங்கள், எந்தப் பாகம் ஏன் போனது என்று கற்றுக்கொள்ளுங்கள். செலவுச் சீட்டைச் செலவழித்தவர் பெயரில் வாங்குங்கள். வல்லத்தின் அணியத்தில் பதிவு எண்ணைப் புதிதாக எழுதியபோது பெயின்டர் பில்லை யார் பெயரில் போடட்டும் என்று கேட்டார். அம்மா தன் முழுப்பெயரையும் இனிஷியலோடு சொன்னாள்.