திருமுழுக்குப் பதிவேட்டில் இரு சொற்கள்

குருமடத்தில் பயின்ற நாள்களில் மேலை இசையைப் பற்றி நாம் ஓர் உறுதியான எண்ணம் கொண்டிருந்தோம். கிரகோரியன் பாடலில் தொடங்கி, பாக், மொசார்ட், பேத்தோவன் என வளர்ந்து, மாலரோடு அது சிகரம் எய்திற்று. பின்னர் ஜாஸ் என்னும் கேளிக்கைக்கூடத்து இரைச்சலாய்ச் சரிந்தது என்பதே அவ்வெண்ணம். நண்பர்களோடு அவ்வாறே வாதிட்டும் வந்தோம்.

சிகரம் என்றதில் பிழையில்லை. 1910 செப்டம்பர் 12 அன்று மியூனிக் நகரில் குஸ்தாவ் மாலரின் எட்டாம் சிம்பனி அரங்கேறியபோது, பாடகரும் கருவியிசைப்போருமாக ஆயிரம் பேருக்கு மேல் பங்கேற்றனர். தூய ஆவியாரை அழைத்துத் திருச்சபை நூற்றாண்டுகளாகப் பாடிவரும் இலத்தீன் பாடலே அதன் முதற்பகுதி. ஆயினும் அம்மரபு தன் எல்லையை நெருங்கியிருந்தது. 1865இல் அரங்கேறிய 'திரிஸ்தானும் இசோல்தாவும்' என்னும் இசைநாடகத்தில், ஆதார சுருதியைத் தேடித் தேடி எளிதில் அடையாத சுரக்கூட்டுகளை வாக்னர் அமைத்தார். 1908 அளவில் ஷோன்பெர்க் அந்த ஆதார சுருதியையே துறக்கத் தொடங்கினார்.

வேறொரு பாதையை முன்னரே கண்டவர் பொஹீமியா நாட்டுத் துவோர்ஷாக். 1892இல் நியூயார்க்கில் ஓர் இசைக் கல்லூரிக்குத் தலைமையேற்ற அவருக்கு, ஹாரி பர்லி என்னும் கறுப்பின மாணவர் தம் மக்களின் பக்திப் பாடல்களைப் பாடிக் காட்டினார். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற பாட்டனாரிடம் பர்லி கேட்டறிந்தவை அவை. அமெரிக்காவின் வருங்கால இசை இப்பாடல்கள் மீதே எழவேண்டும் என்று 1893இல் துவோர்ஷாக் வெளிப்படையாகச் சொன்னார். பலருக்கு அது உவப்பாயில்லை.

அது எழுந்த இடமோ இசைக் கல்லூரியன்று. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துத் தெருக்கள். அங்கே அடக்கத்துக்குச் செல்லும் வழியில் இசைக்குழுவினர் துயரப் பாடலை மெதுவாக இசைப்பர். அடக்கம் முடிந்து திரும்புகையில் துள்ளலோடு இசைப்பர். ஐரோப்பியப் படையணிகளின் கார்னெட்டும் கிளாரினெட்டும் அங்கே ராக்டைமோடும் ப்ளூஸோடும் கலந்தன. எதிர்பாரா இடத்தில் விழும் தாள அழுத்தம், இரு சுரங்களுக்கிடையே குழையும் ஒலி, எழுதி வைக்காமல் அவ்வப்போது பிறக்கும் மனோதர்மம் ஆகியவை சேர்ந்து ஜாஸ் உருவாயிற்று. எனினும் 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டில் வாசித்தவர்கள் வெள்ளையரே.

அந்நகரின் வறிய சேரியில் பிறந்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1913இல் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கேதான் முறையாகக் கார்னெட் பயின்றார். 1928இல் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' இசைத்தட்டின் தொடக்கத்தில் அவருடைய எக்காளம் துணையின்றித் தனித்து ஒலிக்கிறது. சில நொடிகளே நீளும் அவ்வொலியைப் பல ஆண்டுகளுக்குப் பின் கேட்டபோது, நம் பழைய வாதங்கள் யாவும் வாயடைத்துப் போயின. நாம் சரிவு என்று கண்டது ஒரு பிறப்பு.

ஆம்ஸ்ட்ராங் தாம் 1900 ஜூலை 4 அன்று பிறந்ததாகவே சொல்லிவந்தார். 1971இல் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1980களில், அந்நகரின் இயேசுவின் திருஇருதய ஆலயத்துத் திருமுழுக்குப் பதிவேடு உண்மையை உரைத்தது: அவர் பிறந்தது 1901 ஆகஸ்டு 4. குழந்தையின் பெயரருகே இலத்தீனில் இரு சொற்களும் இருந்தன. அவற்றின் பொருள்: கறுப்பர், முறைதவறிப் பிறந்தவர்.

இதைப் படித்த நாளில் நாம் நெடுநேரம் உறங்கவில்லை. அந்தப் பதிவேட்டில் எழுதியது நம்மைப் போன்றதொரு கை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நாமும் பதிவேடுகள் எழுதிவருகிறோம். தந்தையின் பெயர் சொல்லப்படாத குழந்தை ஒன்றின் பெயரருகே, இளமையின் கண்டிப்பில் நாமே இட்ட குறிப்பொன்று நினைவுக்கு வந்தது. அதை எழுதாமலே இருந்திருக்கலாம். அக்குழந்தை இன்று வளர்ந்திருக்கும். அதன் பாடல் எதுவென்று நாம் அறியோம்.

அன்பர்களே, இசையைப் பற்றி மட்டுமா நாம் அவசரப்பட்டுத் தீர்ப்பெழுதுகிறோம்?