முகம் பார்க்காத கார்

ரூவான், நார்மண்டி

அன்புள்ள சேகருக்கு,

திருச்சி ரோட்டில் முன்னால் போலீஸ் நின்றால், எதிரே வரும் லாரிக்காரர் இரண்டு தரம் லைட் அடித்துச் சொல்லிவிட்டுப் போவாரே, அந்த உபகாரம் பிரான்சிலும் உண்டு. பாரிசிலிருந்து இங்கே வரும் வழியில் நானே பார்த்தேன். முன்பின் தெரியாதவனை அபராதத்திலிருந்து காப்பாற்றுவதில் டிரைவர்கள் எல்லாரும் ஒரே சாதி. ஆனால் அந்த லைட்டுக்கும் அகப்படாத கார்கள் சில இந்தச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்தக் கடிதம் அவற்றைப் பற்றித்தான்.

பாரிசின் லா சப்பலில் இருக்கும் தமிழ் மளிகைக்கடை ஒன்றின் சரக்கு வேனில் வந்தேன். ஓட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மூத்தவர். அண்ணை என்றே கூப்பிட்டேன். மிளகாய்த்தூளையும் உறையவைத்த மீனையும் ரூவானில் பாதி இறக்கிவிட்டு, மீதியோடு லு ஆவ்ர் போகவேண்டும். சுங்கம் கட்டும் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, கோதுமை வயல்களுக்கு நடுவே போகும் பழைய சாலையைப் பிடித்தார். பாரிஸ் சுற்றுச்சாலையில் 2024 அக்டோபரிலிருந்து 50-க்கு மேல் போகக்கூடாது. ஊரைத் தாண்டியதும் கொஞ்சம் மிதிப்பார் என்று பார்த்தேன். முள் 80-ஐத் தாண்டவே இல்லை.

"முன்னால போற சாம்பல் நிறக் காரைப் பாருங்கோ தம்பி. அது ரடாராவும் இருக்கலாம், பள்ளிக்கூட வாத்தியாராவும் இருக்கலாம். எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

இந்தச் சந்தேகம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 2002-இல் பிரான்சின் சாலைகளில் செத்தவர்கள் 7,000-க்கு மேல். அந்த ஜூலை 14 அன்று ஜனாதிபதி ஷிராக், சாலைப் பாதுகாப்பைத் தன் பெரிய வேலைகளில் ஒன்றாக அறிவித்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் பாரிசுக்குத் தெற்கே முதல் தானியங்கிக் கேமரா நின்றது. 2013-க்குள் சாவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கேமரா ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெரிய காரணங்களில் அதுவும் ஒன்று. ஆனால் கேமரா வரப்போகிறது என்று முன்கூட்டியே பலகை வைத்திருப்பார்கள். பெட்டியைக் கண்டதும் பிரேக், தாண்டியதும் ஆக்சிலேட்டர் என்று ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். கேமரா இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவிகளும் வந்தன. 2012-இல் சட்டம் குறுக்கிட்டது: சரியான இடத்தைச் சொல்லக்கூடாது, 'அபாயப் பகுதி' என்று மட்டும் சொல்லலாம். இந்த மாதிரிச் சாலையில் அந்தப் பகுதியின் நீளம் 2 கிலோமீட்டர்.

அதற்கும் மசியாதவர்களுக்காக வந்ததுதான் ஓடும் கேமரா. பெஜோ 308, டாசியா சாண்டெரோ என்று தெருவில் தினமும் பார்க்கிற சாதாரணக் கார்தான். முன்பக்கத்தில் ராடார், உள்ளே கேமரா. தன்னை முந்துகிற வண்டியையும் எதிரே வருகிற வண்டியையும் அளந்துவிடும். ஃபிளாஷ் அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. முதலில் சீருடைக்காரர்களே இதை ஓட்டினார்கள். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது என்று, 2018 ஏப்ரலில் எவ்ரோ நகரத்து மாவட்டத்தில் தனியார் டிரைவர்களிடம் ஸ்டீரிங்கைக் கொடுத்தார்கள். நாங்கள் வந்த பழைய சாலை அந்த மாவட்டத்துக்குள்ளேதான் போகிறது.

அந்த டிரைவரின் வேலை விசித்திரமானது. எந்தச் சாலையில் எந்த நேரத்தில் போகவேண்டும் என்பதை அரசு வகுத்துக் கொடுக்கும். யார் சிக்கினார்கள், எத்தனை பேர் சிக்கினார்கள் என்பது அவருக்கே தெரியாது. படத்துக்கு இவ்வளவு என்று கூலியும் கிடையாது. படங்கள் ரேன் நகரத்து மையத்துக்குப் போகும். அங்கே அதிகாரி பார்த்து முடிவு செய்த பிறகு வீட்டுக்குக் கடிதம் வரும். ஓடும் கார் அளக்கிறது என்பதால் 100-க்குக் கீழே 10 கிலோமீட்டர் தள்ளுபடி தருகிறார்கள். 80 சாலையில் 91 என்று அளந்தால் 81 என்று கணக்கு. அதற்கு அபராதம் 68 யூரோ. சீக்கிரம் கட்டினால் 45. முன்பெல்லாம் லைசென்ஸில் இருக்கும் 12 புள்ளிகளிலிருந்து ஒன்றும் போனது. 5 கிலோமீட்டருக்குள் மீறினால் புள்ளி போகாது என்ற சலுகை 2024-இல்தான் வந்தது.

எக்குயி என்ற சிற்றூரில் காபிக்கு நிறுத்தினோம். பக்கத்து மேசையில் ஒரு பெண்மணி. வீடு வீடாகப் போய் ஊசி போட்டுக் கட்டு மாற்றுகிற நர்ஸ். ராடார் என்ற சொல் காதில் விழுந்ததும் அவராகவே பேச ஆரம்பித்துவிட்டார். அண்ணை எனக்கு மொழிபெயர்த்தார். சாரம் இதுதான்: "எங்கள் ஊர்ப்பக்கம் ரயில் கிடையாது, பஸ் இருந்தும் இல்லாத மாதிரி. நான் ஓட்டினால்தான் கிழவருக்கு இன்சுலின். மெட்ரோவில் போகிறவர்கள் பாரிசில் உட்கார்ந்துகொண்டு 90-ஐ 80 ஆக்கினார்கள். எனக்கு ஒரு புள்ளி போனது. எந்தக் கார் எடுத்தது, எந்த வளைவில், ஒன்றும் தெரியவில்லை. போலீஸ்காரர் நிறுத்தியிருந்தால் பையைத் திறந்து காட்டியிருப்பேன்."

80 வந்தது 2018 ஜூலை 1 அன்று. நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலைகள், ஏறக்குறைய 4 லட்சம் கிலோமீட்டர். ஆண்டுக்கு 350 முதல் 400 உயிர் பிழைக்கும் என்று அரசு கணக்குச் சொன்னது. அந்த நவம்பரில் டீசல் வரிக்கு எதிராக மஞ்சள் அங்கி அணிந்த போராட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். கையில் கிடைத்த அரசு, சாலையோரக் கேமராதான். சாயம் பூசினார்கள், சாக்குப் போட்டு மூடினார்கள், கொளுத்தினார்கள். 2019 ஜனவரியில் உள்துறை அமைச்சர் சொன்ன கணக்குப்படி நாட்டின் கேமராக்களில் கிட்டத்தட்ட 60 சதவீதம் சேதம். இப்போது எட்டாத உயரத்தில் தூண் நட்டு அதன் தலையில் வைக்கிறார்கள். சில தூண்களில் கேமராவே இல்லை, வெறும் கூடு. வயலில் வைக்கோல் பொம்மை நிற்பதுபோல அவை நிற்கின்றன.

நர்ஸ் போன பிறகு அண்ணையிடம் கேட்டேன்: உங்களுக்கும் இதே ஆத்திரம்தானே? அவர் சிரித்தார்.

"என்ர பிழைப்பே இந்த லைசென்ஸ்தான், தம்பி. அபராதம் முதலாளிக்குத்தான் வரும். ஓட்டினது ஆரெண்டு அவர் எழுதிக் குடுக்கவேணும், அது சட்டம். பிறகு பொயின்ற் என்ரதிலதான் போகும். பயம் இருக்கு. ஆனா பொலிஸ் மறிச்சா முதல்ல என்ர முகத்தைப் பாப்பான். பிறகு கார்டைக் காட்டு, பின்கதவைத் திற, பெட்டியில என்ன? பின்னால வாற வெள்ளைக்காரன் போய்க்கொண்டே இருப்பான். இந்தக் கமெராவுக்கு நம்பர் பிளேட் மட்டுந்தான் தெரியும். அவனுக்கும் அறுவத்தெட்டு, எனக்கும் அறுவத்தெட்டு."

சேகர், ரூவான் வரும் வரை இதுதான் மனதில் ஓடியது. அந்தக் காருக்கு முகம் தெரியாது என்பதுதான் நர்ஸின் குறை. அண்ணைக்கு அதுவே நிம்மதி. போலீஸ்காரரிடம் காரணம் சொன்னால் எடுபடும் என்று நம்புகிறவர்களுக்குத்தான் இயந்திரம் அநியாயமாகத் தெரிகிறது. நம் ஊரிலும் யார் சொன்னால் எடுபடும், யார் சொன்னால் எடுபடாது என்று உனக்குத் தெரியும். அதற்காக நர்ஸ் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. அவர் கேட்பது சலுகை மட்டும் இல்லை. என் சாலைக்கு 80 என்று யார் முடிவு செய்தார், என்னைக் கேட்டாரா என்றும் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு 2019 கடைசியில் பாதிப் பதில் கிடைத்தது: மாவட்டங்கள் விரும்பினால் தங்கள் சாலைகளில் 90-ஐத் திரும்பக் கொண்டுவரலாம். பல மாவட்டங்கள் சில சாலைகளில் கொண்டுவந்தும்விட்டன. ஒளிந்து பிடிக்க அரசுக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் எவ்வளவு வேகம் என்பதை ஒளியாமல், அந்த ஊர்க்காரர்கள் முன்னால் வைத்துத் தீர்மானிக்கட்டும்.

நாளைக்கு லு ஆவ்ர். 80-ஐக் கொண்டுவந்த பிரதமர் எதுவார் ஃபிலீப் பிறந்தது இந்த ரூவானில். முன்பு மேயராக இருந்தது லு ஆவ்ரில். இவ்வளவு கலவரத்துக்குப் பிறகும் 2020-இல் அந்த ஊர் அவரை மறுபடி மேயராக்கியது. ஜனங்களின் கோபம் ஓட்டுப்பெட்டி வரை போவதில்லையோ என்று அண்ணையிடம் கேட்டேன். "அந்த ஊரில டிராம் ஓடுது, தம்பி" என்றார்.

அன்புடன்,
உன் நண்பன்