கண்ணாடி நாரில் ஒரு பானெட்

துருவேறி ஓரங்கள் உதிர்ந்துபோன எஃகு பானெட்டுக்குப் பதிலாக என் பழைய மாருதி 800-க்கு ஃபைபர் கிளாஸ் பானெட் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் புகுந்தபோது, மேற்பரப்பின் வழவழப்பில் மயங்காமல் அதைக் கவிழ்த்து உட்புறத்தைப் பரிசோதிப்பதே விவேகம் என்று பட்டது. ஏனெனில், கீல்களும் பூட்டுக் கொக்கியும் அமரும் ஸ்தானங்களில் இரும்புத் தகடு பதிக்கப்பட்டிருக்கிறதா, பிசின் ஊறாத வெண்திட்டுகள் நாரில் தென்படுகின்றனவா என்பதையெல்லாம் அந்தப் பின்புறம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. 1953-லேயே செவர்லே கார்வெட்டின் உடலை இதே வஸ்துவால் உருவாக்கினார்கள் என்பதால் அதன் பலத்தில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் வார்த்த கையின் மேல்தான்.

எஃகைப்போல் தட்டி நிமிர்த்த இயலாததாகையால், வர்ணம் பூசுமுன்பே வண்டியில் பொருத்திப் பார்த்து, ஃபெண்டரோடு உள்ள இடைவெளி இருபுறமும் சமமாகும்வரை கீல்களை நகர்த்தியும் ஓரத்தை மெல்லத் தேய்த்தும் சரிசெய்ய வேண்டும். (அந்தத் தூசி சுவாசத்துக்குச் சத்துரு, முகமூடி அவசியம். தோல் அரிப்போ லேசில் விடாது.) அகன்ற வாஷர் இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் துளையைச் சுற்றி விரிசல் விடும். பூட்டு ஒன்றையே நம்பி நெடுஞ்சாலையில் விரைவது, என் அபிப்பிராயத்தில், அசட்டுத் துணிச்சல். லேசான மூடி எதிர்க்காற்றில் எழும்பி முன்கண்ணாடியில் அறையக்கூடும் ஆதலால், முன்புறம் இரு பக்கமும் பானெட் பின்களைப் போடச் சொன்னேன். அவை அழகைக் கெடுக்கின்றன என்று மைத்துனர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.