ஈய எழுத்தில் படித்தவர்கள்

ஒரு பெரிய மனிதரைப் பற்றி மேடையில் பேச வருகிறவர்கள், அவர் முன்பு பார்த்த தொழிலை எப்படிச் சொல்கிறார்கள் என்று பல வருஷமாகக் கவனித்து வருகிறேன். "பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் சூப்பர் ஸ்டார் ஆனார்" என்பார்கள். "அச்சாபீசில் எழுத்துப் பொறுக்கியவர் மேலவைக்கே தலைவரானார்" என்பார்கள். கூட்டம் கைதட்டும். எனக்கு மட்டும் மனசு ஒட்டாது. தொழில் என்பது ஏதோ பள்ளம், அதிலிருந்து ஏறி வந்ததுதான் பெருமை என்று கதை முடிந்துவிடுகிறது. அந்தத் தொழிலிலேயே ஆயுசு முழுக்க நின்றவர்களைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது? அது இருக்கட்டும், ஏறிப் போனவருக்கு அந்தத் தொழில் என்ன கொடுத்தனுப்பியது என்றுகூட யாரும் கேட்பதில்லை.

நான் கோவிலூர்க்காரன். கொற்றவாளீஸ்வரர் கோயிலும் வேதாந்த மடமும்தான் எங்கள் ஊருக்கு அடையாளம். மடத்தில் பாடம் கேட்கிறவர்கள் ஒரே ஒரு பாட்டுக்கு அரை நாள் பொருள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று என் தகப்பனார் வியந்து சொல்வார். அந்த மாதிரி நிதானமாகப் படிக்க எனக்கு வாய்த்த இடம் காரைக்குடியில் ஓர் அச்சுக்கூடம். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சைக்கிளில் போய் கம்பாசிட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பதிகப் புத்தகம், கடை பில் புத்தகம் என்று எல்லா வேலையும் வரும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். சாய்வாக நிற்கும் மரக் கேஸ்களில் அறை அறையாக ஈய எழுத்துகள் கிடக்கும். ஆங்கிலத்துக்கு இரண்டு கேஸில் காரியம் முடிந்துவிடும். தமிழுக்கு அப்படி முடியாது. கி, கீ, கு, கூ எல்லாம் தனித்தனி அச்சு. கொம்பும் காலும் தனி. இடது கையில் வரி கட்டுகிற ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கையெழுத்துப் பிரதியில் வைத்து, வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க வேண்டும். வாய் "கொ" என்று சொல்லும்; விரலோ முதலில் கொம்பை எடுத்து, பிறகு "க" எடுத்து, கடைசியில் காலை எடுக்கும். ஸ்டிக்கில் வரி தலைகீழாக நிற்கும். எழுத்தோ கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியிருக்கும். அதை அப்படியே ஓடவிட்டுப் படிக்கக் கண் பழகிவிட்டால்தான் ஆள் தேறினான் என்று அர்த்தம். அச்சாகி முடிந்ததும் எழுத்தையெல்லாம் கழுவி, திரும்பவும் பிரித்து, அதனதன் அறையில் போட வேண்டும். மாலையில் மண்ணெண்ணெய் தொட்டுக் கை கழுவினாலும் நகக்கண்ணில் மை நிற்கும்.

புத்தகத்தை வாங்கிப் படிக்கிறவர் வரிகளைத் தாவலாம். மெய்ப்புத் திருத்துகிறவர்கூட அலுப்பில் ஒரு பக்கத்தை ஓட்டிவிடலாம். கோக்கிறவனால் முடியாது. ஒரு புள்ளியைக்கூட விடாமல் கை வழியாகத்தான் அவன் படித்தாக வேண்டும். உலகத்தில் ஒரு நூலை அவ்வளவு மெதுவாகப் படிக்கிற ஆள் வேறு யாரும் கிடையாது.

ம.பொ.சிவஞானத்தின் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். 1906-ல் சென்னையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோயிற்று. நெசவு செய்தார். பிறகு டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோத்தார், பல ஆண்டுகள். சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசில் பழைய புத்தகம் வாங்கிவிட்டுப் பட்டினி கிடந்ததை அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனார்; சிலப்பதிகாரத்தில் ஊறினார்; ஊர் அவரைச் சிலம்புச் செல்வர் என்றது. வள்ளலாரைப் பற்றி எழுதிய நூலுக்கு 1966-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. திருத்தணிக்கும் சென்னைக்கும் அவர் நின்று போராடியது தமிழ்நாட்டு வரலாறு.

மூன்றாம் வகுப்பு படித்தவர் எப்படிச் சிலப்பதிகார அறிஞர் ஆனார் என்று பேச்சாளர்கள் அதிசயிப்பார்கள். எனக்கு அதில் அதிசயம் இல்லை. ஆண்டுக்கணக்கில் தினமும் எட்டு மணி நேரம் தமிழை எழுத்தெழுத்தாக விரலால் தொட்டவர் அவர். கேஸுக்கு முன்னால் நின்ற அந்தக் காலத்தை அவருடைய கல்லூரி என்றே நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

அவர் ஒருவர் மட்டுமா? விந்தன் என்று பெயர் பெற்ற கோவிந்தன், 1916-ல் பிறந்தவர், அச்சுக் கோப்பவராக இருந்து 'கல்கி'யில் உதவியாசிரியர் ஆனவர். 'பாலும் பாவையும்' எழுதினார், 'கூண்டுக்கிளி' படத்துக்கு வசனம் எழுதினார், 1954-ல் 'மனிதன்' என்று சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார். அவர் கதைகளில் வாக்கியங்கள் குட்டையாக இருக்கும். தேவையில்லாத அலங்காரத்தைத் தேடினாலும் கிடைக்காது. வேண்டாத சொல் ஒன்றைக் கோக்கும்போது விரலுக்கு என்ன எரிச்சல் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிக்கனத்துக்கு அச்சுக்கூடமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். கடலூர்ப் பக்கத்திலிருந்து சிறு பையனாகச் சென்னைக்கு வந்த ஜெயகாந்தனும் கம்யூனிஸ்ட் கட்சியின் அலுவலகத்திலும் அச்சகத்திலும் வளர்ந்தவர்தான். பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அவருக்குப் பின்னாளில் ஞானபீடம் கிடைத்தது.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் அச்சுத் தொழில் கற்றவர். 1855-ல் தம்முடைய முதல் கவிதைத் தொகுப்பு வந்தபோது அதில் சில பக்கங்களைத் தம் கையாலேயே கோத்தார். தன் கவிதையைத் தானே ஈயத்தில் அடுக்குகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்! மார்க் ட்வைனும் சிறுவயதில் எழுத்துக் கோத்தவர். பிற்காலத்தில், தானாகவே எழுத்துக் கோக்கும் எந்திரம் ஒன்றை நம்பிப் பணத்தையெல்லாம் கொட்டி இழந்து, 1894-ல் கடனாளியாக நின்றார். அந்த வேலையின் கஷ்டம் அவருக்குக் கையால் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த எந்திரத்தின்மேல் அத்தனை ஆசை வைத்தார் என்று நினைக்கிறேன். பெஞ்சமின் பிராங்க்ளின் விஞ்ஞானியாகவும் பிரான்ஸுக்குத் தூதராகவும் புகழ் பெற்ற பிறகு எழுதிய உயிலில், தம் பெயருக்கு அடுத்து அச்சுத் தொழிலாளி என்று குறித்துவிட்டுத்தான் மற்றப் பதவிகளை எழுதினார். மேடைப் பேச்சாளர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

வறுமையைப் போற்றுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாள் முழுக்க நிற்கிற வேலை. மங்கல் வெளிச்சம், குறைந்த கூலி. கண் சீக்கிரமே கெட்டுப்போகும். ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்வது எந்தக் காலத்திலும் கொடுமைதான். அதை அழகாக்கிப் பேசக் கூடாது. ஆனால் வறுமை வேறு, தொழில் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூரப் போடுவதைத்தான் தாங்க முடியவில்லை.

எங்கள் அச்சுக்கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கோயில் கும்பாபிஷேக மலர். விடிந்தால் கொடுக்க வேண்டும். கடைசிப் பக்கங்களைச் சேஸ் என்கிற சட்டத்தில் வைத்து முடுக்கும்போது, வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பையன் சரியாக இறுகியதா என்று பார்க்காமல் தூக்கிவிட்டான். பக்கம் முழுவதும் எழுத்துக் கொட்டிப்போயிற்று. பதிகமும் உபயதாரர் பட்டியலும் ஒரே ஈயக் குவியலாகத் தரையில் கிடந்தது. பையன் அழ ஆரம்பித்துவிட்டான். எங்கள் ஃபோர்மேன் வயசானவர். கிட்டே வந்து, "கொட்டினது எழுத்துத்தானேப்பா, பொறுக்கிக்கலாம். கால்ல ஒண்ணும் விழலையே?" என்று கேட்டார். அவ்வளவுதான். வீட்டுக்குக் கிளம்பிய எல்லாரும் சட்டையைத் திரும்பக் கழற்றி மாட்டினார்கள். டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு வட்டமாக உட்கார்ந்து பொறுக்கினோம். ஃபோர்மேன் பிரதியைப் பார்க்காமலே பதிகத்தைச் சொல்லச் சொல்ல, இரண்டு பேர் கோத்தார்கள். காலையில் முதலாளி வந்து ஏன் தாமதம் என்று கேட்டபோது, "நேரக் கணக்கை நான்தான் தப்பாப் போட்டுட்டேன்" என்று ஃபோர்மேன் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பையன் பின்னால் கட்டம் போட்ட வேலையில் எங்கள் எல்லாரையும் மிஞ்சினான். பஞ்சாங்கம் போன்ற சிக்கலான பக்கத்தைக் கொடுத்தால் ஒரு கோடு நகராமல் கட்டித் தருவான். அவன் பெயர் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. ஃபோர்மேன் பெயரும் வரவில்லை. றகரம் ரகரம் பிசகிய பதிகத்தை, கொண்டு வந்த புலவரிடமே பக்குவமாக எடுத்துச் சொல்லித் திருத்திய மனுஷர் அவர். ம.பொ.சி.யின் பக்கத்துக் கேஸில் நின்றவர்களும் இப்படிப்பட்டவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில், தொழிலை விட்டு விலகாமலே உலகப் புகழ் பெற்ற ஒருவரும் உண்டு. பிள்ளையார்பட்டியில் 1927-ல் பிறந்த கணபதி ஸ்தபதி. பரம்பரைச் சிற்பி குடும்பம். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தார். படித்த கணக்கைக் கொண்டு அவர் உளியைக் கீழே போடவில்லை. கணக்கும் உளியும் சேர்ந்துதான் கன்னியாகுமரிக் கடல் பாறையில் 133 அடி உயரத்துக்கு வள்ளுவர் நிற்கிறார். 2000 ஜனவரி முதல் நாள் அந்தச் சிலையைத் திறந்தார்கள். அவரைப் பற்றிப் பேசும்போது யாரும் "கல் கொத்திக்கொண்டிருந்தவர்" என்று இரக்கமாகத் தொடங்குவதில்லை. அதே மரியாதையை நெசவுக்கும் அச்சுக்கும் ஏன் கொடுக்கக் கூடாது?

எங்கள் தொழில் என் கண்ணெதிரே மாறியது. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தபோது, பெரியார் 1935 முதலே தம் பத்திரிகையில் பழக்கிய முறையில் 13 எழுத்துகள் மாறின. துதிக்கை வைத்த ணையும் லையும் இருந்த அறைகள் காலியாயின. பிறகு ஆஃப்செட் வந்தது, கணினி வந்தது. கேஸ்களில் இருந்த எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். கணினியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இன்றைக்கு ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலை, எங்களுக்கு இரண்டு நாள் கால்வலி.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ம.பொ.சி.யின் தன் வரலாற்றிலிருந்து ஒரு பகுதியைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். ரொம்ப நல்ல காரியம். அதை நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர் அச்சுக் கோத்ததைப் பற்றிச் சொல்லும்போது, வறுமை என்று ஒரு வார்த்தையில் கடந்துபோகாமல் கொஞ்சம் நின்று, அது என்ன வேலை, எப்படிச் செய்வார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எடைக்குப் போனதில் தப்பிய ஈய எழுத்துகள் ஒரு டப்பா நிறைய என்னிடம் இருக்கின்றன. ஒரு ஸ்டிக்கும் இருக்கிறது. வேண்டுமென்கிற ஆசிரியர்கள் கோவிலூருக்கு வந்தால் எடுத்துப் போகலாம், திருப்பித் தர வேண்டியதில்லை. கொம்பு தனியாக, கால் தனியாக இருப்பதைப் பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்த்து, தங்கள் பெயரைத் தலைகீழாகக் கோத்துப் பழகட்டும்.