ராமகோடிக்கு ஒரு ஜெர்மன் பேனா

பெரிய கம்பெனியின் சின்னப் பேனா வாங்கலாமா என்று பேனாப் பிரியர்களிடம் கேட்டால் எல்லோரும் ஒரே பல்லவிதான். நிப் வழுக்குகிறதா, மை சீராக வருகிறதா, கையில் கனம் எப்படி. எல்லாம் சரிதான். ஆனால் அவர்கள் எழுதிப் பார்ப்பது இங்கிலீஷில், அதுவும் நல்ல வழவழப்பான பேப்பரில். எங்கள் அம்மா எழுதுவது ஸ்ரீராமஜெயம். சித்தூரில், மத்தியானம் சாப்பிட்டுக் கை அலம்பினதும், தினமும், கட்டம் போட்ட ராமகோடி நோட்டில்.

ராமகோடி தெரியாதவர்களுக்கு: ஆந்திராவில் ராம நாமத்தை ஒரு கோடி தடவை எழுதுவது பெரிய விரதம். எழுதி முடித்த நோட்டுகளை பத்ராசலம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் உண்டு. எதிர்வீட்டு அம்மா தெலுங்கில் 'ஸ்ரீராம' என்று எழுதுவார். எங்கள் வீட்டில் தமிழ். (சித்தூர் 1953 வரை மதராஸ் மாகாணம்தானே. 1960-ல் திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். ராமருக்கு இரண்டு லிபியும் தெரியும்.)

ஒரு நாளைக்கு 300 எழுதினால் கோடி முடிய 91 வருஷம் ஆகும். நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். "அதுக்கு இன்னாப்பா இப்போ, லட்சம் லட்சமா எழுதறேன்" என்றாள் அம்மா. லட்சம் என்றால் 334 நாள். அந்த மாதிரி நாலு லட்சம் முடித்துவிட்டாள்.

ஐந்தாவது லட்சத்தில் கை நின்றுவிட்டது. வலது கட்டை விரலின் அடி மூட்டு தேய்ந்திருக்கிறது. திருப்பதியில் காட்டிய எலும்பு டாக்டர், எழுதுவதை விட வேண்டாம், அழுத்தாமல் எழுதுங்கள், பேனா கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும் என்றார். 300 என்பது 40 ஆகி, பிறகு நோட்டையே எடுப்பதில்லை. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். எனக்கு அதுதான் உறுத்தியது. அம்மா சினிமா பார்க்கிறவள் இல்லை, அக்கம்பக்கம் போகிறவள் இல்லை. அந்த ஒரு மணி நேரம்தான் அவளுடைய நேரம்.

பால்பாயிண்டில் இருப்பது கெட்டியான எண்ணெய் மை. நுனியில் இருக்கும் குண்டு உருண்டால்தான் மை வரும், உருள அழுத்தம் வேண்டும். ஜெல் பேனா பரவாயில்லை, ஆனால் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், பெரும்பாலும் ஒல்லி. மைப் பேனாவில் அழுத்தமே தேவையில்லை. நிப்பின் பிளவு வழியாக மை தானாக இறங்கும், காகிதத்தில் தொட்டால் போதும். பேனாவின் பாரமே அந்த வேலையைச் செய்துவிடும். அறுபது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கை மைப் பேனாவில்தான் எழுதப் பழகியது.

சரி, எந்தப் பேனா? நான் தேர்ந்தெடுத்தது லாமி சஃபாரி. ஹைடெல்பெர்க் கம்பெனி. 2024-ல் ஜப்பானின் மித்சுபிஷி பென்சில் அதை வாங்கிவிட்டது. அதே கம்பெனியின் 'லாமி 2000' (1966-ல் வந்தது, தங்க நிப்) வாங்கப் போனால் என் சம்பளமே யோசிக்கும். சஃபாரி முப்பது டாலர் சுமார்.

மலிவுப் பேனாவை எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: விலையைக் குறைக்க எங்கே கை வைத்தார்கள்? பார்க்கர் 51 வாங்க முடியாதவர்களுக்காக 1948-ல் பார்க்கர் 21 வந்தது. பெரிய பேனாவின் சாயல், தங்கத்துக்குப் பதில் எஃகு நிப். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி. சஃபாரி அந்த ஜாதி இல்லை. 1980-ல் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே வரைந்தது. உடம்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக், லெகோ கட்டைகள் செய்கிற அதே சரக்கு. கீழே விழுந்தால் உடையாது. பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால் மேஜையில் உருளாது. மை எவ்வளவு மிச்சம் என்று பார்க்க உடம்பில் ஒரு ஜன்னல். நிப் எஃகுதான், ஆனால் வழுக்கிக்கொண்டு போகும், கெட்டால் அதை மட்டும் உருவி வேறு மாட்டலாம். ஆக, பகட்டில்தான் கை வைத்திருக்கிறார்கள், வேலையில் இல்லை.

நிப் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். ஐரோப்பியர்களின் 'ஃபைன்' ஜப்பான்காரர்களின் ஃபைனை விடத் தடிமன். இங்கிலீஷுக்கு அது தொந்தரவே இல்லை. தமிழில் 'ஸ்ரீ' எழுதிப் பாருங்கள், அந்தச் சுழிகளுக்குள் மை புகுந்தால் கண் அடைத்த மாதிரி ஆகிவிடும். 'ஜெ' இன்னும் மோசம். தெலுங்கு முழுக்க வட்டம் என்பதால் தலைக்கட்டு ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு ராமகோடி நோட்டு. திருப்பதி கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் வாங்கியது, மலிவுத் தாள், மையைக் குடித்து விரிக்கும். அதனால் எக்ஸ்ட்ரா ஃபைன் தவிர வேறு வழியில்லை. அந்த நிப்பில் 'ஸ்ரீ' கண் திறந்துகொண்டு நிற்கிறது. பின்பக்கம் லேசாக ஊறுகிறது. அம்மா ஒரு பக்கம்தான் எழுதுவாள், பிரச்சினை இல்லை.

ஊருக்குக் கொண்டுபோனேன். முதலில் காணிப்பாக்கம் பிள்ளையார், பிறகுதான் காகிதம். பேனாவுக்கு மஞ்சள் குங்குமம் வேறு.

சஃபாரியைப் பிடிக்கும் இடம் முக்கோணமாகச் செதுக்கியிருக்கும். பத்து வயதுப் பிள்ளையின் விரல் சரியான இடத்தில் உட்காருவதற்கான ஏற்பாடு. அந்த வேலையை அது கச்சிதமாகச் செய்யும். என் அக்கா மகன் எடுத்தான், அப்படியே பொருந்தியது. அம்மாவின் கட்டை விரல் இப்போது அந்த இடத்தில் மடங்காது. ஆட்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவே பேனாவைச் செருகிக்கொண்டு எழுதுகிறாள். முக்கோணத்தில் அப்படிப் பிடித்தால் நிப் திரும்பிக்கொள்கிறது, மை வருவதில்லை. இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் யாரும் சொல்லாமல், முக்கோணத்தை விட்டு மேலே, தட்டையான உடம்பில் பிடித்தாள். பேனா சாய்ந்தது, மைப் பேனாவுக்குச் சாய்வு பிடிக்கும். மூடியைப் பின்னால் செருக வேண்டாம், பின்பாரம் ஆகிவிடும் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு 60. பதினைந்தாம் நாள் 200. வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சாயங்காலம் சூடு தண்ணீரில் கை வைக்கிறாள். ஆனால் நோட்டு மறுபடி ஜன்னலோரம் வந்துவிட்டது.

இதற்குள் மாமா ஒரு கட்சி. "திருவள்ளூர் பக்கத்துல ரங்கா பேனா இருக்குது, எபோனைட்டை கடைசல் பிடிச்சு கையால செய்றாங்க. ராஜமுந்திரியில ரத்னம் பேனா, காந்திக்கே கொடுத்தது. நீ ஜெர்மனியில தேடற!" நியாயமான கேள்வி. ராஜமுந்திரி ரத்னம் 1932-ல் தொடங்கியது, 1935-ல் காந்தி பாராட்டிக் கடிதமே எழுதினார். எபோனைட் உருண்டையாக, தடிமனாக, கைக்கு இதமாக இருக்கும். டாக்டர் சொன்ன தடிமன் அதில்தான் முழுசாகக் கிடைக்கும். என் தயக்கம் மை ஊற்றுவதில். ஃபில்லரால் உடம்பு முழுக்க ஊற்றும் பேனாவில் மை குறைந்ததும், கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். சித்தூர் மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம், ஒரு சொட்டு விழுந்தால் பக்கம் போச்சு. ராமகோடியில் பக்கம் கெட்டால் அம்மா அதை எண்ணிக்கையில் சேர்க்கமாட்டாள். மை ஊற்றிக்கொடுக்கத் தினமும் கூடவே ஆள் இருக்கிற வீடாக இருந்தால் நான் மாமா கட்சிதான்.

சஃபாரியில் அப்படி ஊற்ற முடியாது. ஜன்னல் என்று சொன்னேனே, அது திறந்த துவாரம். கன்வெர்ட்டர் தனியாக விற்கிறார்கள், ஆனால் அந்தக் குட்டிக் குமிழைத் திருக அம்மாவால் ஆகாது. மிச்சம் கேட்ரிட்ஜ், அதுவும் இந்தக் கம்பெனிக்கென்றே உள்ள அளவு. ஒரு கேட்ரிட்ஜ் ஐந்து நாள் வருகிறது, ஐந்து கொண்ட டப்பா 25 நாள். ஒரு லட்சத்துக்கு 13, 14 டப்பா. கூட்டினால் பேனா விலையைப் போல இரண்டு பங்குக்கு மேல். நுழைவு விலையைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

நாங்கள் கண்ட வழி: காலி கேட்ரிட்ஜ்களைத் தூக்கிப் போடுவதில்லை. மருந்துக் கடை சிரிஞ்சியால் பிரில் ராயல் புளூ நிரப்பி வைத்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்து இரண்டு நிரப்பிவிட்டுப் போகிறான், பத்து நிமிஷ வேலை. கூலியாக மஞ்சள் கலர் சஃபாரி கேட்டிருக்கிறான். அவனுக்கு ஃபைன் நிப் போதும், அவன் எழுதுவது இங்கிலீஷ்.